பெற்றோர் நிறைந்த பள்ளிக்குப் புது முதல்வராக வந்தபோது

பெற்றோர் கூட்டம் என்றால் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கிற பள்ளிகளில்தான் நான் ஆசிரியராக வேலை பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு தொடக்கப்பள்ளிக்கு முதல்வராகப் போகிறேன், அங்கே கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் பின்னால் நிற்பார்கள் என்று சொன்னதும் நண்பர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். "உனக்கென்ன கவலை, பேரன்ட்ஸே ஸ்கூலை நடத்திடுவாங்க" என்று ஒருவர் கேலியாகச் சொன்னார். நான் கவனிக்க வேண்டிய விஷயமும் அதுதான். நூலகத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், ஆண்டு விழாவை அவர்கள் நடத்தினார்கள். காலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க ஆள் தயாராக இருந்தது. கூடவே எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு, எவ்வளவு வீட்டுப்பாடம், யார் யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது வரைக்கும் அவர்களுக்கு ஒரு கருத்து இருந்தது. அந்தக் கருத்து நிறைவேறும் என்ற பழக்கமும் இருந்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைமேல் அக்கறை உள்ள பெற்றோர் அப்படித்தான் இருப்பார்கள். ஆனால் புதிதாக வருகிற முதல்வருக்கு அங்கே பழகிய எந்தப் பாடமும் இல்லை. பெற்றோரை எப்படி வரவழைப்பது என்றுதான் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வந்துவிட்டவர்களோடு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அப்படி ஒரு பள்ளிக்குப் போகப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதையும் மாற்றவில்லை. ஆட்களைப் பார்த்துப் பேசினேன், அவ்வளவுதான். எல்லோரிடமும் ஒரே இரண்டு கேள்விகள். இந்தப் பள்ளியில் எது மாறவே கூடாது? எது உங்களை உறுத்துகிறது? பெற்றோர் கழகப் பொறுப்பாளர்களிடம் கேட்டேன், ஆசிரியர்களிடம் தனித்தனியாகக் கேட்டேன், அலுவலக உதவியாளரிடமும் வாசல் காவலரிடமும் துப்புரவு செய்கிற அம்மாவிடமும் கேட்டேன். கடைசி மூன்று பேரை விட்டுவிடாதீர்கள். எந்தப் பெற்றோர் தினமும் வருகிறார், யார் வாசலோடு திரும்பிவிடுகிறார், யாருடைய குரல் அலுவலகத்தில் உயர்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பெற்றோர் சொன்ன பதில்கள் நான் எதிர்பார்த்தவைதான். ஆசிரியர்கள் சொன்னதுதான் யோசிக்க வைத்தது. கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரி ஆரம்பித்தார்கள்: "பேரன்ட்ஸ் ரொம்ப நல்லவங்கதான் மேடம், ஆனா..." அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் வந்தவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். பாடம் நடக்கும்போதே கதவைத் திறந்து உள்ளே வருகிறார்கள். ஒரு மதிப்பெண்ணைப் பற்றி இரவு பத்து மணிக்குக் கேள்வி வருகிறது. ஒரு ஆசிரியர் புது முறையில் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, புகார் வந்ததும் நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று அவரையே யாரும் கேட்கவில்லை. இதில் எதுவும் பெரிய அநியாயம் இல்லை. எது யாருடைய முடிவு என்று அந்தப் பள்ளியில் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். எழுதாத இடத்தில் உரத்துப் பேசுகிறவர் முடிவெடுப்பார்.

யார் எதை முடிவு செய்வது

உங்கள் பள்ளியின் விதிகள் பெற்றோருக்கு என்ன அதிகாரம் தருகின்றன என்பதை முதலில் படித்துவிடுங்கள். இடத்துக்கு இடம் இது மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக்காக 1988-இல் வந்த சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு குழுவை ஏற்படுத்தி, அதில் 6 இடங்களைப் பெற்றோருக்குக் கொடுத்தது. முதல்வரைத் தேர்ந்தெடுப்பதும், ஒப்பந்தம் முடியும்போது அவரைத் தொடர விடுவதா என்று முடிவு செய்வதும் அந்தக் குழுதான். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வருகிற நிதி சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. இன்னும் பல பள்ளிகளில் பெற்றோர் அமைப்புக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது, செல்வாக்கு மட்டும் நிறைய இருக்கும். உங்கள் பள்ளி இதில் எந்த வகை என்று தெரியாமல் முதல் கூட்டத்தில் போய் உட்காராதீர்கள்.

என் பள்ளி கடைசி வகை. அதனால் ஆசிரியர்களோடும் கழகப் பொறுப்பாளர்களோடும் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் மூன்று பட்டியல் போட்டோம். பெற்றோரே முடிவு செய்யலாம் என்பவை முதல் பட்டியல்: அவர்கள் நடத்துகிற நிகழ்ச்சிகள், அவர்கள் திரட்டுகிற பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது, தன்னார்வலர்களின் வேலைப் பங்கீடு. பெற்றோரைக் கேட்டுவிட்டுப் பள்ளி முடிவு செய்பவை இரண்டாவது: வீட்டுப்பாட அளவு, பெற்றோர் சந்திப்பு நேரம், பள்ளி விடும் நேர ஒழுங்கு, சீருடை. பள்ளி மட்டுமே முடிவு செய்பவை மூன்றாவது: எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு, யாருக்கு எந்த வகுப்பு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது, ஒரு பிள்ளைமீது என்ன நடவடிக்கை.

மூன்றாவது பட்டியலை எழுதும்போது அறையில் கொஞ்சம் இறுக்கம்தான். ஒரு அப்பா நேரடியாகவே கேட்டார்: "அப்போ எங்க பேச்சுக்கு மதிப்பே இல்லையா மேடம்?" முதல் பட்டியலைக் காட்டினேன். அதுவரைக்கும் அந்தப் பட்டியலில் இருந்த பல விஷயங்களுக்கும் முதல்வரின் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். இனி வேண்டாம் என்றேன். வாங்குவதற்கு மட்டும் வராமல் கொடுக்கவும் ஏதாவது கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது பட்டியல்தான் உண்மையில் கஷ்டமானது. 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டால், சொன்னவர் அது நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். நடக்காவிட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். வீட்டுப்பாடம் பற்றிக் கருத்துக் கேட்டபோது அந்தக் கேள்வித்தாளின் மேலேயே எழுதினோம்: இது வாக்கெடுப்பு அல்ல, முடிவு எடுப்பது ஆசிரியர்களும் முதல்வரும், என்ன முடிவு, ஏன் என்று இன்ன தேதிக்குள் எழுத்தில் சொல்வோம். பதில்கள் எதிர்பார்த்தபடியே வந்தன. ஒரு பாதிக்கு வீட்டுப்பாடம் போதவில்லை, மறுபாதிக்கு அதிகம். இரண்டு கூட்டமும் பிள்ளையின் நலனுக்காகத்தான் கேட்கிறது. முதலிரண்டு வகுப்புகளுக்குத் தினமும் வாசிப்பு மட்டும், மேல்வகுப்புகளுக்கு அளவோடு பயிற்சி என்று முடிவு செய்து, எந்தக் கருத்தை எடுத்துக்கொண்டோம், எதை எடுத்துக்கொள்ளவில்லை, என்ன காரணம் என்று ஒரு பக்கம் எழுதினோம். பிடிக்காதவர்கள் இருந்தார்கள். ஆனால் யாரோ இரண்டு பேர் முதல்வர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள் என்ற பேச்சு மட்டும் வரவில்லை.

பிரிவு ஒதுக்கீடு தனிக்கதை. ஆண்டு முடியும்போது, 'என் பிள்ளைக்கு அடுத்த வருஷம் இந்த மிஸ் வேண்டும்' என்ற கடிதங்கள் வரத் தொடங்கும். அந்தப் பள்ளியில் அது பல காலமாக நடந்துகொண்டிருந்தது. கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்தது. மீதிப் பிள்ளைகள் மீதி இடங்களுக்குப் போனார்கள். ஆசிரியர் பெயர் எழுதிய கடிதங்களை வாங்குவதில்லை என்று அறிவித்தேன். அதற்குப் பதிலாக எல்லாப் பெற்றோருக்கும் ஒரு படிவம்: உங்கள் பிள்ளை எந்தச் சூழலில் நன்றாகக் கற்றுக்கொள்கிறது, யாரோடு சேர்ந்தால் சிரமப்படுகிறது, எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு ஏதாவது உண்டா? அதைப் படித்துவிட்டு, பிள்ளையை அந்த ஆண்டு முழுக்கப் பார்த்த ஆசிரியர்கள் பிரிவைப் பிரிப்பார்கள். பட்டியல் வெளியான பிறகு மாற்றம் இல்லை. உடல்நலம், பாதுகாப்பு போன்ற காரணம் இருந்தால் மட்டும் பேசலாம். முதல் வருஷம் ஒரே ஒரு விதிவிலக்கு கொடுத்தாலும் அடுத்த வருஷம் அது விதியாகிவிடும். நான் கொடுக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் வந்தது. பரவாயில்லை.

புகார் வரும்போது

கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்கிற முதல்வர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் அப்படிப்பட்ட கதவு, ஆசிரியரைத் தாண்டி நேரே மேலே வருவதற்கான குறுக்குவழியாகிவிடுகிறது. யாராவது என்னிடம் வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, "மிஸ்கிட்ட பேசினீங்களா?" பேசவில்லை என்றால், "முதல்ல அவங்ககிட்ட பேசுங்க, தயக்கமா இருந்தா நானும் கூட உட்கார்றேன்" என்பேன். பிள்ளையின் பாதுகாப்பு பற்றிய விஷயம் என்றால் மட்டும் இந்த வரிசை கிடையாது. அது நேராக என்னிடமே வர வேண்டும், அன்றைக்கே.

புகாரைக் கேட்கும்போது நான் பின்பற்றுவது கொஞ்சம்தான். முழுக்கக் கேட்பேன், எழுதுவேன், எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுவேன். "நீங்க சொன்னது இதுதானே?" என்று கேட்டாலே பாதிப் பேர் ஒரு வரியைத் தாங்களே மென்மையாக்கிவிடுகிறார்கள். அந்த இடத்தில் தீர்ப்பு சொல்வதில்லை. ஆசிரியரை விட்டுக்கொடுத்தும் பேசுவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்றவும் மாட்டேன். 'விசாரிக்கிறேன், இன்ன நாளைக்குள் கூப்பிடுகிறேன்' என்று நாள் சொல்வேன். சொல்வதற்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த நாளில் கூப்பிட்டு, "இன்னும் முடியலை" என்றாவது சொல்லிவிடுவேன். நம்பிக்கை பெரும்பாலும் அந்தத் தொலைபேசி அழைப்பில்தான் கெடுகிறது அல்லது வளர்கிறது.

இரண்டு பிள்ளைகளுக்குள் அடிதடி என்றால் கேள்வி நிச்சயம் இப்படித்தான் வரும்: "அந்தப் பையனுக்கு என்ன பனிஷ்மென்ட் கொடுத்தீங்க?" ஒரு அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மகனுடைய கன்னத்தில் கீறல், அவருடைய கோபம் நியாயம்தான். நான் சொன்னேன்: "உங்க பையன் பாதுகாப்பா இருக்க நாங்க என்ன பண்றோம்னு முழுசா சொல்றேன். இடைவேளையில யார் பார்த்துக்கிறாங்க, எங்க உட்கார வெச்சிருக்கோம், எல்லாம். இன்னொரு குழந்தையைப் பத்தி மட்டும் உங்ககிட்ட பேச மாட்டேன். நாளைக்கு வேற யாராவது உங்க பையனைப் பத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சமாதானம் ஆனார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி வாக்கியம் அவருக்குப் புரிந்தது. எல்லோரும் எல்லோரையும் தெரிந்த பள்ளிகளில் இந்த ஒரு விஷயத்தில் இளகினால் அவ்வளவுதான். அடுத்த நாள் காலை வாசலில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுக்கள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அவை பெற்றோர் தங்களுக்காக வைத்திருப்பவை. நானும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. இருந்தால் அங்கே சொல்லப்படுகிற ஒவ்வொன்றுக்கும் நம் மௌனம் சம்மதமாகிவிடும். பள்ளி சொல்ல வேண்டியதை வாரம் ஒரு முறை, அதே கிழமையில், ஒரு கடிதமாக அனுப்புகிறோம். மேலே மூன்று வரியில் முக்கியமானது, கீழே மீதி. மூன்று வரிக்குமேல் படிக்க நேரமில்லாதவர்கள்தான் அதிகம். வதந்தி கிளம்பினால் அந்தக் குழுவில் யாரையாவது வைத்துப் பதில் போட வைக்காதீர்கள். எல்லாப் பெற்றோருக்கும் பள்ளியின் வழியாகவே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள், சூடு ஆறுவதற்குள்.

வகுப்பறைக்குள் பெற்றோர்

தன்னார்வப் பெற்றோர் வகுப்புக்குள் வருவது நல்லதுதான், ஆனால் அதற்கு ஒழுங்கு வேண்டும். முன்பு யாருக்கு எதில் ஆசையோ அதைச் செய்தார்கள். கைவினை வேலைக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள், நூலகப் புத்தகத்துக்கு அட்டை போட ஆள் இருக்காது. இப்போது ஆசிரியர்கள் தங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று மாதத் தொடக்கத்தில் எழுதித் தருகிறார்கள், அதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். எதுவும் வேண்டாம் என்று எழுதவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு. இதைச் சொன்னபோது ஒரு மூத்த ஆசிரியரின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான், இவர்கள் எவ்வளவு காலமாக மறுக்க முடியாமல் இருந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

மற்ற விதிகள்: பள்ளி கேட்கிற பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் வரலாம். தன் பிள்ளை படிக்கிற பிரிவில் வேலை இல்லை. எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் தனியாக இருக்கக் கூடாது, கழிப்பறைக்கு அழைத்துப் போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. உள்ளே பார்த்தது உள்ளேயே இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது, எது அழுதது என்பதெல்லாம் வெளியே பேச்சாகக் கூடாது. இதில் கையெழுத்து வாங்குகிறோம். தன் பிள்ளை பிரிவு கூடாது என்பதற்குத்தான் எதிர்ப்பு. 'அவனைப் பார்க்கத்தானே வருகிறேன்' என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அப்படி வருபவர்கள் அவனை மட்டும்தான் பார்ப்பார்கள், அவனும் அம்மாவை மட்டும்தான் பார்ப்பான். வகுப்பு நடக்காது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் திரட்டும் பணத்தை ஒரே ஆள் வாங்கி, வைத்து, செலவழிக்கக் கூடாது; குறைந்தது இரண்டு பேர், ரசீது, வருஷக் கணக்கு எல்லோர் பார்வைக்கும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது எந்தப் பலகையிலும் வரக் கூடாது. ஒரு பிரிவுக்கு மட்டும் என்று குறிப்பிட்டு வருகிற நன்கொடையை நாங்கள் வாங்குவதில்லை.

வராதவர்கள்

இத்தனையும் வருகிறவர்களைப் பற்றி. எனக்கு அதிக வேலை வைத்தது மற்றவர்கள்தான்.

கூட்டங்களின் கையெழுத்துத் தாள்களை எடுத்து, பள்ளியின் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். புது முதல்வர் யாராக இருந்தாலும் இதைச் செய்யச் சொல்வேன். திரும்பத் திரும்ப ஒரே பெயர்கள். பெற்றோர் நிறைந்த பள்ளி என்று பெயர் வாங்கியிருந்தோம். உண்மையில், ஒரு பகுதிப் பெற்றோர் பலமுறை வந்துகொண்டிருந்தார்கள். "எல்லா பேரன்ட்ஸும் இதைத்தான் சொல்றாங்க மேடம்" என்று யாராவது ஆரம்பித்தால், "எத்தனை பேர்கிட்ட பேசினீங்க? எந்தெந்த வகுப்பு?" என்று கேட்க ஆரம்பித்தேன். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

பெயர் இல்லாதவர்களை வகுப்பாசிரியர்களும் நானும் பிரித்துக்கொண்டு கூப்பிட்டோம். குறை சொல்ல அல்ல. பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிவிட்டு, பள்ளிக்கு வர எது தடையாக இருக்கிறது என்று கேட்க. முதல் வாக்கியத்தில் எல்லோரும் பயந்தார்கள். பள்ளியிலிருந்து போன் என்றாலே ஏதோ தப்பு என்றுதான் அர்த்தமாம். அப்புறம் காரணங்கள் வந்தன. இரவு வேலை. கைக்குழந்தை. பகல் கூட்டத்துக்கு வந்தால் சம்பளம் போகும். பள்ளியின் மொழி சரியாக வராது. ஒருவர் சொன்னார், பள்ளிக்கூடம் என்றாலே தான் வாங்கிய அடிதான் நினைவுக்கு வருகிறதாம். இன்னொருவர் சொன்னது எனக்கு மறக்காது: "அங்க வர்றவங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க மேடம். நான் வந்து ஓரமா நின்னுட்டுப் போவேன். எதுக்கு?"

கூட்டங்களை மாற்றினோம். ஒரு கூட்டம் பகலில் என்றால் அடுத்தது மாலையில். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறை. எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து மேடையிலிருந்து பேசுவதைக் குறைத்து, வகுப்புவாரியாக ஆறேழு பேர் மேஜைகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு மேஜையிலும் பழைய ஆள் ஒருவர் புது ஆளை வரவேற்க வேண்டும். அந்தப் பொறுப்பை உரத்த குரல்காரர்களுக்கே கொடுத்தேன். அவர்கள் அதை மிக நன்றாகச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனாலும் சிலர் வரவில்லை. அவர்களால் வர முடியாது. இங்கேதான் ஒரு பழைய ஆய்வு எனக்குக் கைகொடுத்தது. லண்டனின் ஹாரிங்கே பகுதியில், உழைக்கும் மக்கள் வாழ்கிற இடத்துப் பள்ளிகளில், ஜாக் டிசார்டும் அவருடைய குழுவினரும் 1970களில் செய்த சோதனை, 1982-இல் வெளியானது. ஒரு கூட்டம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் புத்தகம் கொடுத்து அனுப்புவார், பிள்ளை வீட்டில் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும், பெற்றோர் கேட்க வேண்டும். இன்னொரு கூட்டத்துக்குப் பள்ளியிலேயே கூடுதலாக ஒரு ஆசிரியர் உதவி செய்தார். இரண்டு ஆண்டுகள் நடந்தது. வீட்டில் வாசித்துக்காட்டிய பிள்ளைகள் வாசிப்பில் தெளிவாக முன்னேறினார்கள். கூடுதல் ஆசிரியர் இருந்த கூட்டத்தில் அந்த அளவு முன்னேற்றம் தெரியவில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்தது என்பதுதான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. மோனிக் செனெஷால், லாரா யங் இருவரும் 16 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையும் பக்கத்தில் வருகிறது: தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு வாசிப்புப் பிடிபட, பெற்றோர் வாசித்துக்காட்டுவதைவிடப் பிள்ளை வாசிப்பதைக் கேட்பது அதிகம் உதவுகிறது, ஒரு குறிப்பிட்ட திறனைச் சொல்லிக்கொடுக்கப் பெற்றோருக்குப் பயிற்சி தந்தால் இன்னும் அதிகம்.

அப்போ பள்ளிக்கு வருவதையே பங்கேற்பு என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தினமும் பத்து நிமிடம், பிள்ளை வாசிக்க, வீட்டில் யாராவது ஒருவர் கேட்பது. அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, யாராக இருந்தாலும் சரி. எழுத்துத் தெரியாவிட்டால் கடைசியில் 'என்ன கதை, எனக்குச் சொல்லு' என்று கேட்டால் போதும். ஒரு சின்ன அட்டையில் தேதியும் ஒரு டிக்கும். பிழை திருத்த வேண்டாம், திணறினால் கொஞ்சம் பொறுத்திருந்து சொல்லிக்கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது என்பதை ஒரு சின்ன காணொளியாக ஆசிரியர்களே எடுத்து அனுப்பினார்கள். கையில் புத்தகம் இருப்பதுதான் முக்கியம். பிள்ளையின் தரத்துக்கு ஏற்ற புத்தகத்தை ஆசிரியர் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மாற்றும் வேலையைத்தான் நூலகப் பெற்றோரிடம் கொடுத்தோம். பள்ளிக்கு வருகிற பெற்றோரின் உழைப்பு, வர முடியாத பெற்றோரின் வீட்டுக்குப் புத்தகமாகப் போனது. இந்தப் பள்ளியில் நான் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அட்டை நிறைய வீடுகளில் தொலைந்துபோகிறது, சில வீடுகளில் வார இறுதியில் மொத்தமாக டிக் போடப்படுகிறது. தெரியும். அதற்காக யாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

அந்தோணி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 1990களில் சிகாகோவின் தொடக்கப்பள்ளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002-இல் எழுதினார்கள். முதல்வர், ஆசிரியர், பெற்றோர் இவர்களுக்குள் நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறியது. நம்பிக்கை மிகக் குறைவாக இருந்தவற்றில் ஏழில் ஒன்றுதான். மரியாதை, தொழில்திறமை, தனிப்பட்ட அக்கறை, சொன்னதைச் செய்வது என்று நான்கு விஷயங்களை வைத்து மனிதர்கள் ஒருவரை ஒருவர் எடைபோடுகிறார்கள் என்றார்கள். என் பள்ளியில் பெற்றோருக்கு அக்கறை நிறைய, முந்தைய நிர்வாகத்தின்மேல் மரியாதையும் இருந்தது. ஆசிரியரின் தொழில்திறமைமீதுதான் நம்பிக்கை குறைவு. அதை என் பேச்சால் ஏற்ற முடியாது என்பதால், வருஷத் தொடக்கத்தில் ஆசிரியர்களே பெற்றோருக்கு ஒரு வகுப்பு எடுக்கிறார்கள்: கழித்தலை இப்போது ஏன் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம், எழுத்துக்கூட்டுவதை எந்த வரிசையில் கொண்டுபோகிறோம். பெற்றோர் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். புகார் வந்ததும் தன் முறையை நிறுத்திவிட்டாரே ஒரு ஆசிரியர், அவர்தான் முதல் வகுப்பை எடுத்தார். நிறையக் கேள்விகள் வந்தன, எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார். நான் பின்வரிசையில் இருந்தேன்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். தொடக்கப்பள்ளியில் பெற்றோர் சில வருஷத்தில் போய்விடுவார்கள். பிள்ளை மேல்நிலைக்குப் போகும்போது, விழாவை யார் எப்படி நடத்துவது என்ற அறிவும் கூடவே போய்விடும். அல்லது ஒரே ஆள் கடைசிப் பிள்ளை முடிக்கும்வரை பொறுப்பை விடமாட்டார். எங்கள் கழகத்தில் இப்போது ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், அதில் ஒருவரின் பிள்ளை முதலிரண்டு வகுப்பில் இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குமேல் ஒரே பொறுப்பு இல்லை. ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு கோப்பு: யாரைக் கூப்பிட வேண்டும், போன முறை எவ்வளவு ஆனது, எது சொதப்பியது. அந்தக் கோப்பைக் கொடுக்காமல் யாரையும் விடுவிப்பதில்லை. இந்த ஆண்டு விழாக் கோப்பு மட்டும் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.